ரெண்டு வேளை கறந்து பார்த்து வாங்கிய லேப்டாப்

கோகிலவாணியைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் விரல்களில் இருந்துதான் தொடங்க வேண்டும். முகம் ஒன்றும் பெரிய அழகில்லை. பேச்சு அதைவிட மோசம். ஒரு தரம் கேட்டால் பதில் வராது, மூன்று தரம் கேட்டால் முறைப்பாள். ஆனால் தேயிலை மலையில் அவள் விரல் போகிற வேகத்துக்கு எங்கள் சேரம்பாடி எஸ்டேட்டில் ஆள் கிடையாது. கத்தரி வைத்துக் கொழுந்து வெட்டுகிற காலத்திலும் கையால் எடுத்து எங்களை முந்துவாள். நான் முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து எடுத்தவள், பொய் சொல்லவில்லை. பக்கத்துச் செடி நிரையில் அவள் நின்றால் எனக்கு எரிச்சலாக வரும்.

அவள் வீடும் என் வீடும் ஒரே லயத்தில், எஸ்டேட் கட்டிக்கொடுத்த வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பரா. நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரைவரைக்கும் போகாது. அவள் தும்மினால் நான் இங்கிருந்து நூறு ஆயுசு சொல்வேன். அவள் புருஷன் எல்லப்பன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பொங்கலுக்கு வருவான், ஐந்து நாள் தூங்குவான், போவான். கெட்டவன் இல்லை. அங்கே இருந்துகொண்டு போனில் எல்லாவற்றுக்கும் யோசனை சொல்வான், அதுதான் அவனிடம் உள்ள வியாதி.

அந்த விரல் வேகம் அவளுக்குத் தேயிலையில் வந்ததில்லை. பிளஸ் டூ முடித்ததும் பந்தலூரில் ஐவி டீச்சர் நடத்திய டைப்ரைட்டிங் கிளாசுக்கு இரண்டு வருஷம் போனாள். தமிழ் ஹையர் பரீட்சை பாஸ் செய்தாள். பாஸ் செய்து என்ன, வேலை எங்கே இருக்கிறது? கல்யாணம் செய்துவைத்தார்கள், அம்மாவின் பெயரை வெட்டி இவள் பெயரை எஸ்டேட் ஆள் கணக்கான செக்ரோலில் எழுதினார்கள், கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினாள். பதினேழு வருஷம் ஏறினாள். போன வருஷம் முதுகெலும்பில் ஏதோ ஒரு வட்டு நகர்ந்துவிட்டதாம். இனிமேல் பாரம் தூக்கினால் காலே விளங்காமல் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் ஐவி டீச்சர் கூப்பிட்டுவிட்டார். கோயம்புத்தூரில் பழைய தமிழ்ப் புத்தகங்களைத் திரும்ப அச்சுப் போடுகிற ஒரு கம்பெனி. பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள், வீட்டில் இருந்து அடித்துக் கொடுக்கலாம், பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு. சனிக்கிழமைக்குள் பத்துப் பக்கம் பிழையில்லாமல் அடித்து அனுப்பினால் வேலை. லேப்டாப் மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும்.

லேப்டாப்புக்குக் காசு? செவலைதான்.

செவலை அவள் வளர்த்த பசு. வெள்ளியங்கிரி வந்து வாங்கிக்கொண்டு போனார். அவர் பால் சொசைட்டி ஆள், மாட்டு விஷயத்தில் சாமியையும் நம்ப மாட்டார். சாயங்காலம் வந்தார், எதிரில் உட்கார்ந்து கறக்கச் சொல்லி அளந்தார். என் காம்பரா வாசலில் படுத்து, விடிகாலையில் எழுந்து மறுபடி கறக்கச் சொல்லி அளந்தார். அதற்குப் பிறகுதான் துண்டைப் போட்டு அதற்குள் கை கொடுத்து விலை பேசினார். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான். விற்கிறவன் முந்தின வேளை கறக்காமல் விட்டு, மடி புடைக்க நிறுத்திவைத்திருப்பான். ஒரு வேளையைப் பார்த்துக் காசு கொடுத்தவன் மறுநாள் செம்பை வைத்துக்கொண்டு அழுவான். நானும் என் வீட்டுக்காரரும் அப்படி ஒரு தரம் அழுதிருக்கிறோம். கொம்பு அழகாக இருக்கிறது என்று அந்த மனுஷன் வாங்கிவந்தார். கொம்பில் பாலா வரும்?

செவலை போனதும் கோகிலா கொட்டகையைக் கூட்டிவிட்டுக் கயிற்றைச் சுருட்டி உள்ளே வைத்தாள். அழவில்லை. எனக்குத்தான் காலையில் அந்த மணிச் சத்தம் இல்லாமல் காபி இறங்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை கூடலூர் போய்வந்தாள். வந்தவள் முகத்தில் கல்யாணப் பெண் களை. என்னடி என்றேன்.

"அத்த, நூர் முகமது பாய் கடையில ஒண்ணு பாத்தேன். பழசுதான். பெங்களூர்ல பெரிய கம்பெனிக்காரங்க வச்சிருந்து ஒதுக்குனது. ஒடம்பெல்லாம் இரும்பு மாதிரி, ஆனா தூக்குனா சோத்துத் தட்டு கனம்தான். அவங்களே தொடச்சு, உள்ள சரி பண்ணி விக்கிறாங்க."

"பழசா? எத்தன வருசப் பழசு?"

"ஆறு."

"ஆறு வருசம் ஒருத்தன் தின்னுட்டுப் போட்ட எலைய நீ எடுத்துட்டு வரப் போறியா?"

முறைத்தாள். மூன்றாவது தரம் கேட்பதற்கு முன்பே முறைத்தாள் என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

அன்றைக்குச் சாயங்காலமே எல்லப்பன் போனில் ஆரம்பித்துவிட்டான். அவள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், எனக்கும் சேர்த்து.

"பழசு வாங்காத. இங்க சூப்பர்வைசர் ஒருத்தன் பழசு வாங்கி ஆறு மாசத்துல குப்பையில போட்டான். அதே காசுக்குப் புதுசு வருது. கேரண்டி கார்டு தர்றான்."

"அதையும் பாத்தேன்," என்றாள் கோகிலா. "கை வச்சா எழுத்துக் கட்ட அமுங்குது, எந்திரிக்க மாட்டேங்குது. ஊறுன பிஸ்கட்டு மாதிரி. நான் ஒரு வரி அடிச்சு முடிச்சதுக்கப்பறம் எழுத்து ஒண்ணொண்ணா நடந்து வருது."

"அதுக்கு நீ மெதுவா அடி."

"பக்கத்துக்குக் காசு. மெதுவா அடிச்சா நீ வந்து குடுப்பியா?"

அவன் பேச்சை மாற்றி, சாப்பிட்டாயா என்று கேட்டான்.

இவள் சொன்னது எனக்குப் புரிந்தது. கத்தரியோ கத்தியோ, கைக்கு ஒட்டாத சாமானை வைத்துக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்ய முடியாது. புதுசு என்பதற்காக யாரும் மொண்ணைக் கத்தியை வாங்குவதில்லை. ஆனால் ஆறு வருஷத்துப் பழசை எப்படி நம்புவது? ஐவி டீச்சரைக் கேட்டாளாம். டைப்ரைட்டர் என்றால் முப்பது வருஷத்துப் பழசைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வேன், இது எனக்குத் தெரியாது என்று அவர் சொல்லிவிட்டார். நல்ல மனுஷி. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டீச்சரை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை.

அந்த ராத்திரி சுவருக்கு மேலே சத்தம் போட்டுக் கேட்டேன்.

"ஏண்டி, கரண்ட் இல்லாம அது எவ்வளவு நேரம் ஓடும்?"

"நாலு மணி நேரம்னு பாய் சொன்னாரு."

"நீ பாத்தியா?"

பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் வந்தது.

"நம்மூர்ல ஆடி மழைக்கு மரம் சாஞ்சா ரெண்டு நாளைக்குக் கரண்ட் வராது. பேக்டரி ஜெனரேட்டர்லதான் போயி சார்ஜ் ஏத்திக்கிட்டு வரணும். அப்ப நாலு மணி நேரமா நாப்பது நிமிசமான்னு தெரிய வேணாமா? செவலைய வாங்குனவரு ரெண்டு வேள கறந்து பாத்துட்டுப் போனாரு. செவலைய வித்த காசுக்கு நீ ஒரு வேளகூடக் கறக்காம வாங்கப் போறியா?"

விளக்கை அணைத்துவிட்டு, "காலையில ஏழு மணி பஸ்ஸுக்கு நீயும் வா அத்த," என்றாள்.

செவ்வாய் பந்த். புதன்கிழமை ரோட்டில் யானை நின்று பஸ் பாதியில் திரும்பிவிட்டது. வியாழக்கிழமைதான் போய்ச் சேர்ந்தோம்.

நூர் முகமது கடை கூடலூர் பஜாரில் ஒரு சந்துக்குள், இரண்டாள் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய கடை. அவர் மனைவி ரசியா கல்லாவில் உட்கார்ந்து சார்ஜர் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பாய் அந்த லேப்டாப்பை எடுத்து வைத்தார். சும்மா சொல்லக் கூடாது, அழகுதான். சாம்பல் கலர், கத்தி மாதிரி மெல்லிசு, எழுத்துக் கட்டைக்கு அடியில் விளக்கு எரிகிறது. எனக்கு உடனே அந்தக் கொம்பு ஞாபகம் வந்தது.

"வயரப் புடுங்குங்க பாய்," என்றேன்.

"ஏனுங்கம்மா?"

"கறந்து பாக்கணும். இது அணையிற வரைக்கும் நாங்க இங்கதான் ஒக்காந்திருப்போம்."

பாய் என்னைப் பார்த்தார், கோகிலாவைப் பார்த்தார், கடைசியில் ரசியாவைப் பார்த்தார். ரசியா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

"ஏனுங்கம்மா, கடைக்கு நாலு பேர் வர வேண்டாமுங்களா?"

"வரட்டும். நல்ல சாமான்னா நாங்களும் பக்கத்துல இருந்து சொல்லுவோம். கெட்டதுன்னாலும் சொல்லுவோம்."

வேறு வழியில்லாமல் வயரைப் பிடுங்கினார். சார்ஜ் நூறு என்று காட்டுவதாகக் கோகிலா படித்துச் சொன்னாள். அப்போது மணி பத்து. சும்மா உட்காருவதற்குப் பதில் அந்தப் பத்துப் பக்கத்தை அடிக்கிறேன் என்றாள். பழைய டைப்ரைட்டரில் எழுத்து இருக்கிற அதே இடத்தில் தமிழ் வருமா என்று பாயிடம் கேட்டாள். அவர் என்னவோ செய்து அதை வரவைத்து, வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து கொடுத்தார். போனில் வந்த போட்டோவைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். ஏதோ மூலிகை வைத்தியப் புத்தகம்.

அவள் டைப் அடித்து நான் பார்த்ததே இல்லை. பந்தலூருக்கு அவள் கிளாஸ் போன காலத்தில் நான் மலையில் இருந்தேன். முதல் இரண்டு வரி தட்டுத் தடுமாறினாள். அதற்கப்புறம் தகரத்தில் மழை விழுகிற மாதிரி ஒரே சத்தம். கண் போட்டோவை விட்டு நகரவில்லை, விரல் அதுபாட்டுக்கு ஓடியது. சந்தில் போனவன் ஒருத்தன் நின்று பார்த்துவிட்டுப் போனான். பாய் ரிப்பேர் வேலையை அப்படியே வைத்துவிட்டுக் கை கட்டி நின்றார். பதினேழு வருஷம் இந்தக் கையில் கூடையைக் கொடுத்து வைத்திருந்தோமே என்று நினைத்துக்கொண்டேன். அதைச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது, சொல்லவில்லை.

நாலாவது பக்கம் முடிகிற நேரம். மணி பதினொன்றரைகூட ஆகவில்லை. படக்கென்று திரை இருட்டாகப் போனது. கட்டைக்கு அடியில் இருந்த விளக்கும் போனது.

"முப்பத்தி நாலு இருந்துச்சு," என்றாள் கோகிலா. "இப்பதான் பாத்தேன். முப்பத்தி நாலு காட்டுச்சு."

எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. "பாத்தீங்களா பாய், மடி புடைக்க வச்சு விக்கிறதுன்னு இதத்தான் சொல்லுவாங்க," என்றேன்.

பாய் முகம் சுருங்கியது. வயரைச் சொருகித் திறந்தார். "நீங்க அடிச்சத சேவ் பண்ணீங்களா தங்கச்சி?"

"என்ன பண்ணனா?"

"எடுத்து வைக்கிறது. பேர் குடுத்து உள்ள போட்டு வைக்கணுமுங்க."

கோகிலா அவரையே பார்த்தாள். டைப்ரைட்டரில் அடித்தால் அடித்தது காகிதத்தில் இருக்கும். கரண்ட் போனாலும் மிஷின் உடைந்தாலும் காகிதம் எங்கே போகப் போகிறது? எடுத்து வைக்க வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஐவி டீச்சர் கிளாசில் பக்கம் முடிந்தால் மணி அடித்தாற்போல உருவி வைப்பார்கள், அவ்வளவுதான். நாலு பக்கமும் போய்விட்டது. பூராவும்.

அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள் பாருங்கள், அந்தப் பார்வைக்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். வயரைப் பிடுங்கச் சொன்னது நான்தானே.

"எந்திரிடி," என்றேன். "பஸ்ஸப் பாத்துப் போலாம். புருசன் சொன்ன மாதிரி புதுசே வாங்கிக்க. மடி செத்த மாட்டக் கட்டி அழுகுறதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம்?"

அவள் எழுந்திருக்கவில்லை. அந்தக் கட்டைகளின் மேல் விரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். எதிரில் ரசியா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, புருஷனைப் பார்த்துத் தணிந்த குரலில், "நாலு மணி நேரம்னு நீங்கதான சொன்னீங்க," என்றாள். பாய் ஸ்குரூடிரைவரைத் தேடினார். ஆறின டீயை நான்தான் குடித்தேன்.

அப்புறம் கோகிலா கேட்டாள். "பாய், செத்தது பேட்டரி மட்டுமா? உள்ள இருக்கற மத்ததெல்லாமா?"

"பேட்டரி மட்டுந்தானுங்க. மத்ததுக்கு நான் பொறுப்பு. உள்ள தொறந்தே காட்டறேன், பாருங்க. நான் பேட்டரிய மாத்தாம அப்படியே வச்சுட்டேன், நூறு காட்டுச்சுன்னு நம்பிட்டேன். என் தப்புதான்."

"மாத்த முடியுமா?"

"கோயம்புத்தூர்ல இருந்து வரணும். நாயித்துக்கெழம கைக்கு வந்துரும். இந்த மாடலுக்குப் பழசு போடக் கூடாது, புதுசுதான் போடணும். அது என் செலவுங்க."

கோகிலா என் பக்கம் திரும்பினாள். இந்த முறை முறைக்கவில்லை.

"அத்த, இது மாடு இல்ல. மாட்டுக்கு மடி செத்தா மாடே போச்சு. இதுக்கு மடிய மட்டும் மாத்தலாம். கட்டையப் பாரு, பதினேழு வருசத்துக்கப்பறம் கை வச்சேன், மொத நாளே நாலு பக்கம் ஓடுச்சு. அந்தப் புதுசுல கட்டைய மாத்த முடியுமா? பேட்டரிக்காக இத வேணாங்கறது, கூடை பிஞ்சிருச்சுன்னு கொழுந்தக் கொட்டற மாதிரி."

வாழ்நாளில் என்னை வாயடைக்க வைத்த ஆட்கள் இரண்டு பேர். ஒருத்தர் செத்துப் போய்விட்டார்.

"சனிக்கெழமைக்குள்ள பத்துப் பக்கம் போகணும்ல?" என்று மட்டும் கேட்டேன்.

"இப்பவே அடிக்கறேன். வயரு இருக்குல்ல." பாயைப் பார்த்தாள். "இங்க ஒக்காந்து அடிச்சுக்கட்டுங்களா? வாங்குனாலும் வாங்காட்டியும்."

"ஒக்காருங்க தங்கச்சி. நானே சேவ் பண்ணச் சொல்லித் தாரேன்."

மறுபடி முதல் பக்கத்தில் இருந்து ஆரம்பித்தாள். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களை எல்லாம் பாய் வெளியில் நிறுத்தியே பேசி அனுப்பினார். ரசியா சோறு கொண்டுவந்து கொடுத்தாள். கோகிலா இரண்டு வாய் தின்றுவிட்டுக் கை கழுவினாள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு தரம் எடுத்து வைத்தாள். வரிக்கு வரி வேண்டாம் தங்கச்சி, பக்கத்துக்கு ஒரு தரம் போதும் என்று பாய் சொல்லியும் கேட்கவில்லை. அதனால் வேகம் குறைந்தது. எனக்கு ஐந்து மணி பஸ்ஸைப் பற்றிக் கவலை. அதை விட்டால் யானைக்குப் பயந்து ஜீப்காரன் கேட்கிற வாடகையைக் கொடுக்க வேண்டும். நாலே முக்காலுக்குப் பத்தாவது பக்கம் முடிந்தது. பாய் அனுப்பிக் கொடுத்தார். பஸ்ஸுக்கு ஓடினோம். முதுகைப் பிடித்துக்கொண்டு அவள் ஓட, முட்டியைப் பிடித்துக்கொண்டு நான் ஓட, பஜாரே பார்த்தது.

வெள்ளி பூராவும், சனி பகலும் கம்பெனியில் இருந்து சத்தமில்லை. எல்லப்பன் போனில், "நான் அப்பவே சொன்னேன்," என்றான். என்ன சொன்னான் என்பது அவனுக்கே தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பதில் வந்தது. இரண்டு இடத்தில் பிழை, மற்றபடி சரியாக இருக்கிறது, அடுத்த வாரத்தில் இருந்து நாற்பது பக்கம் அனுப்புகிறோம் என்று. அவள் அதைச் சுவருக்கு மேலே படித்துக் காட்டினாள். "ரெண்டு பிழையா? எப்படி வந்துச்சு?" என்றேன். "நீ பஸ்ஸு பஸ்ஸுன்னு கத்துனல்ல, அப்ப," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூடலூர். புதுப் பேட்டரி போட்டு வைத்திருந்தார் பாய். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவராகவே வயரைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். "நீங்களே வச்சுக்கங்கம்மா." அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்தரைக்கு ஆரம்பித்தது. நான் இரண்டு தரம் தூங்கி எழுந்தேன். ரசியாவின் நாத்தனார் கதை பூராவும் கேட்டு முடித்தேன். இரண்டு மணிக்கு மேல்தான், மெதுவாக, எச்சரிக்கை காட்டிவிட்டு அணைந்தது. கோகிலா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். துண்டு போட்டுப் பேசவில்லை. சொன்ன விலையைக் கொடுத்தாள்.

இப்போது ஒரு வருஷம் ஆகிறது. வீட்டில் இருந்து அடிக்கிறாள். முதுகு இன்னும் வலிக்கிறது, உட்கார்ந்தே இருந்தாலும் அது வலிக்குமாம், டாக்டர் அதையும் சொல்லியிருக்கலாம். செவலையை விற்றிருக்க வேண்டாம் என்றுதான் இன்றைக்கும் நான் சொல்வேன். சாணிக்குக்கூட இப்போது அடுத்த லயத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

மாசத்துக்கு ஒரு ஞாயிறு, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவள் வயரைப் பிடுங்கிவிட்டு உட்காருவாள். அணைகிற நேரத்தைக் காலண்டரில் குறித்துக்கொள்வாள். போன ஞாயிறும் குறித்தாள்.

"எவ்வளவுடி?" என்று சுவருக்கு மேலே கேட்டேன்.

"மூணு மணி நேரம் இருபது நிமிசம். போன மாசத்துக்குப் பத்து நிமிசம் கம்மி."

"வத்துதா?"

"வத்தத்தான் செய்யும் அத்த. எவ்வளவு வத்துதுன்னு தெரிஞ்சா போதும்."

சொல்லிவிட்டு வயரைச் சொருகினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அந்தத் தகர மழைச் சத்தம் கேட்டது.